பள்ளி பாண்ட் ஓட்டு: டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்த் தம்பி ஒரு சனிக்கிழமை காலை இரண்டு காகிதங்களோடு வாசலில் வந்து நின்றார். ஒன்று தபாலில் வந்த வழவழப்பான அட்டை. பள்ளி மாவட்டம் அனுப்பியது. சிரிக்கிற பிள்ளைகள் படம், கீழே “வரி விகிதத்தில் உயர்வு இல்லை”. இன்னொன்று கவுண்டியின் (பல ஊர்களைச் சேர்த்த உள்ளூர் நிர்வாகம்) இணையதளத்திலிருந்து அவரே அச்செடுத்த மாதிரி வாக்குச்சீட்டு. அதே பாண்ட் (பள்ளி மாவட்டம் வாங்கக் கேட்கும் கடன்), அதே தொகை. ஆனால் அங்கே கேள்வியோடு சேர்த்துக் கொட்டை எழுத்தில் “இது ஒரு சொத்து வரி உயர்வு” என்றிருந்தது.

“அண்ணா, இதுல யாரு பொய் சொல்றாங்க?”

யாரும் சொல்லவில்லை. இரண்டும் உண்மைதான். எப்படி என்று புரிந்துவிட்டால் பள்ளி பாண்டில் பாதி புரிந்த மாதிரி. அன்று சமையலறை மேஜையில் அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். இது டெக்சாஸ் கணக்கு. கலிபோர்னியாவில் பள்ளி பாண்ட் தேற 55 சதவீதம் வேண்டும், வாஷிங்டன் மாநிலத்தில் 60. டெக்சாஸில் பாதிக்கு மேல் ஒரு ஓட்டு போதும்.

பாண்ட் என்றால் என்ன, எந்தப் பையில் இருந்து

ஊரில் தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்கு ‘பில்டிங் ஃபண்ட்’ ரசீது நினைவிருக்கும். அரசுப் பள்ளி என்றால் கட்டடத்துக்கு அரசாங்கம் நிதி ஒதுக்க வேண்டும், நாம் காத்திருக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. பள்ளி மாவட்டம், அதாவது ஐஎஸ்டி, நகராட்சிக்குக் கட்டுப்படாத ஒரு குட்டி அரசாங்கம். தனி எல்லை, மக்கள் தேர்ந்தெடுக்கும் டிரஸ்டிகள் (பெரும்பாலும் ஏழு பேர், சம்பளம் கிடையாது), சொந்தமாக வரி போடும் அதிகாரம் எல்லாம் உண்டு. பெரிய கட்டட வேலை வந்தால் அது சந்தையில் கடன் பத்திரம் விற்றுப் பணம் திரட்டும். இருபது, இருபத்தைந்து, முப்பது வருடம் என்று வட்டியும் முதலுமாக நம் சொத்து வரியில் இருந்து அடைக்கும். அந்தக் கடனை வாங்கலாமா என்று நம்மிடம் கேட்பதுதான் பாண்ட் தேர்தல்.

ஐஎஸ்டி வரியில் இரண்டு பை இருக்கிறது. ஒன்று எம் அண்ட் ஓ: ஆசிரியர் சம்பளம், கரண்ட் பில், அன்றாடச் செலவு. இன்னொன்று ஐ அண்ட் எஸ்: கடனை அடைக்க மட்டும். பாண்ட் பணத்தில் ஒரு ஆசிரியருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது, சட்டம் விடாது. “ஸ்டேடியம் கட்டக் காசு இருக்கு, டீச்சருக்குக் குடுக்க இல்லையா?” என்று ஒவ்வொரு தேர்தலிலும் யாராவது கொதிப்பார்கள். கொதிப்பு நியாயம்தான். ஆனால் ஒரு பையில் இருந்து இன்னொரு பைக்கு அவர்களால் மாற்ற முடியாது.

சொத்து மதிப்பு அதிகமுள்ள மாவட்டங்களில் இன்னொரு விஷயமும் உண்டு. எம் அண்ட் ஓ வரியில் ஒரு பகுதியை மாநிலம் எடுத்துக்கொள்ளும். பேச்சுவழக்கில் இதை ‘ராபின் ஹுட்’ என்பார்கள். ஐ அண்ட் எஸ் வரியில் மாநிலம் கை வைப்பதில்லை. முழுக்க உள்ளூரிலேயே நிற்கும். அதனால்தான் பஸ், லேப்டாப் போன்றவற்றைக்கூட பாண்டில் வாங்க மாவட்டங்கள் விரும்புகின்றன. அந்த அளவுக்குச் சம்பளப் பை மிஞ்சும். இதைத் தந்திரம் என்பவர்களும் உண்டு, கெட்டிக்காரத்தனம் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது, லேப்டாப்புக்கு முப்பது வருடக் கடன் வாங்காத வரைக்கும். அதற்கும் ஒரு கடிவாளம் இருக்கிறது: வாங்கும் பொருளின் ஆயுளைவிடக் கடனின் சராசரிக் காலம் ரொம்ப நீளக் கூடாது (120 சதவீதம் வரை) என்று 2019இல் சட்டம் போட்டார்கள்.

முதல் வேலை: எந்த ஐஎஸ்டி என்று பாருங்கள்

சிரிக்காதீர்கள், இதில் ஏமாந்தவர்கள் நிறைய. முகவரியில் ஃபிரிஸ்கோ என்று இருந்தால் ஃபிரிஸ்கோ ஐஎஸ்டி என்று நினைத்துக்கொள்வோம். ஃபிரிஸ்கோ நகரத்துக்குள் ஃபிரிஸ்கோ, லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் என்று நான்கு பள்ளி மாவட்டங்கள் வருகின்றன. மறுபக்கம், பிளேனோ, மெக்கின்னி முகவரி உள்ள சில தெருக்கள் ஃபிரிஸ்கோ ஐஎஸ்டியில் இருக்கின்றன. ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற பெயருக்கும் இதே கதை. கவுண்டியின் மதிப்பீட்டு அலுவலகத் தளத்தில் (காலின் கவுண்டிக்கு காலின் சிஏடி) உங்கள் முகவரியைத் தட்டினால் யார் யாருக்கு வரி கட்டுகிறீர்கள் என்று வரிசையாக வரும்: கவுண்டி, நகரம், கல்லூரி மாவட்டம், ஐஎஸ்டி. புது லேஅவுட் என்றால் ‘மட்’ என்று ஒரு வரியும் இருக்கலாம். அது தண்ணீர், சாக்கடைக் கடன். பள்ளி பாண்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பட்டியலில் எல்லாரையும்விடப் பெரிய தொகை பெரும்பாலும் ஐஎஸ்டிதான்.

யார் ஓட்டுப் போடலாம்

அமெரிக்கக் குடிமக்கள் மட்டும். கிரீன் கார்டு இருந்தாலும் முடியாது. எச்1பி, எச்4 விசா என்றால் கேட்கவே வேண்டாம். லட்சக்கணக்கில் வீடு வாங்கி வருடா வருடம் பல ஆயிரம் வரி கட்டுகிறோமே என்ற ஆதங்கம் நியாயமானதுதான், ஆனால் சட்டம் அப்படி.

இதில் ஒரு எச்சரிக்கை. டிரைவர் லைசென்ஸ் எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ “வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா?” என்று ஒரு கேள்வி வரும். குடியுரிமை இல்லாதவர்கள் அவசரத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்துவிடக் கூடாது. தெரியாமல் பதிவு செய்தாலும், அதைவிட மோசமாக ஓட்டே போட்டுவிட்டாலும், பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தின்போது அது பெரிய தலைவலியாக வந்து நிற்கும். நாடு கடத்தும் அளவுக்குக்கூடப் போகலாம். மளிகைக் கடை வாசலில் படிவத்தோடு நிற்கும் தன்னார்வலர் “ஒரு கையெழுத்துதான்” என்று சிரித்துக்கொண்டே நீட்டினாலும் சரி, வேண்டாம் என்று நகர்ந்துவிடுங்கள்.

குடியுரிமை வாங்கியவர்கள் தேர்தலுக்கு 30 நாள் முன்னதாகப் பதிவு செய்திருக்க வேண்டும். டெக்சாஸில் புதுப் பதிவை, டிரைவர் லைசென்ஸை இணையத்தில் புதுப்பிக்கும்போது தவிர, இணையத்திலேயே முழுதாக முடிக்க முடியாது. படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டும். கவுண்டி மாறி வீடு போனால் மறுபடி பதிவு. வாடகை வீட்டுக்காரர்களும் ஓட்டுப் போடலாம். சொந்த வீடு இருந்தால்தான் என்றெல்லாம் இல்லை. வீட்டுக்காரர் கட்டும் வரி எப்படியும் உங்கள் வாடகையில்தான் வந்து உட்காருகிறது.

ஓட்டு இல்லாதவர்கள் இதோடு படிப்பதை நிறுத்திவிட வேண்டாம். டிரஸ்டி கூட்டங்கள் திறந்த கூட்டங்கள். பேசுவதற்குப் பெயர் கொடுத்தால் போதும், பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை. பாண்டில் என்ன இருக்க வேண்டும் என்று பேசும் பெற்றோர் குழுக்களில் பல மாவட்டங்கள் குடியுரிமை பார்க்காமல் ஆள் சேர்க்கின்றன. என்னைக் கேட்டால், கடைசியில் போடும் ஒரு ஓட்டைவிட அந்தக் குழுவில் பேசும் பத்து நிமிடத்துக்குப் பலம் அதிகம். பட்டியல் உருவாகும் இடம் அதுதான்.

காகிதங்களைச் சேகரியுங்கள்

தேர்தல் பெரும்பாலும் மே மாதம் முதல் சனிக்கிழமை, இல்லையென்றால் நவம்பர் செவ்வாய்க்கிழமை. அதற்குக் குறைந்தது 78 நாள் முன்னதாக டிரஸ்டிகள் தேர்தலை அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் மாவட்டத்தின் தளத்தில் இரண்டு ஆவணங்களைத் தேடுங்கள்.

ஒன்று, ‘வாக்காளர் தகவல் ஆவணம்’. 2019இல் இருந்து இது கட்டாயம். எவ்வளவு கடன், மொத்த வட்டி எவ்வளவு வரும், ஏற்கெனவே தலையில் இருக்கும் கடன் எவ்வளவு என்று எல்லாம் இதில் இருக்கும். அட்டையில் முதல் மட்டும்தான் போட்டிருக்கும். 100 மில்லியன் டாலரை 4 சதவீத வட்டியில் 25 வருடத்துக்கு வாங்கினால் கடைசியில் சுமார் 160 மில்லியன் கட்ட வேண்டியிருக்கும். வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு இதில் அதிர்ச்சி இருக்காது, ஆனால் தெரிந்து ஓட்டுப் போடுவது வேறு.

அதே ஆவணத்தில் ஒரு லட்சம் டாலர் மதிப்புள்ள சொந்த வீட்டுக்கு வரி எவ்வளவு ஏறும் என்றும் ஒரு வரி இருக்கும். அதை நம்பி உட்காராதீர்கள். டாலஸ் சுற்றுவட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கு வீடு எங்கே இருக்கிறது? பள்ளி வரியில் ஹோம்ஸ்டெட் விலக்கே (சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் வரி போடாமல் கழித்துவிடும் தொகை) இப்போது 140,000 டாலர். ஒரு லட்ச வீட்டுக்குப் பள்ளி வரியே கிடையாது. உங்கள் வீட்டுக்கு நீங்களேதான் கணக்குப் போட வேண்டும், கீழே போடுவோம்.

இரண்டாவது, திட்டப் பட்டியல். எந்தப் பள்ளிக்கு என்ன வேலை, எவ்வளவு என்று. உங்கள் பிள்ளையின் பள்ளி பெயரைத் தேடிப் பாருங்கள். ‘மாவட்டம் முழுவதும்’ என்ற தலைப்பின் கீழ் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அந்தத் தலைப்பு பெரிதாகப் பெரிதாக எனக்குச் சந்தேகமும் பெரிதாகும்.

அட்டைகளைப் பிரித்துப் பார்க்கவும் பழகுங்கள். பள்ளி மாவட்டம் பொதுப்பணத்தில் “ஆதரியுங்கள்” என்று சொல்லக் கூடாது. தகவல் மட்டும்தான் தரலாம். “ஆதரியுங்கள்” என்றோ “தோற்கடியுங்கள்” என்றோ வரும் அட்டை ஏதாவது ஒரு பிரசாரக் குழுவுடையது. யார் செலவில் அச்சடித்தது என்று பொடி எழுத்தில் கீழே இருக்கும். அதை முதலில் படித்துவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

ஏ, பி, சி, டி: ஒரே கேள்வி இல்லை

வாக்குச்சீட்டில் பாண்ட் பெரும்பாலும் ஒரே கேள்வியாக வராது. பிராப்பசிஷன் ஏ, பி, சி என்று பிரிந்து வரும். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

2009இல் ஆலன் நகரத்தில் 119 மில்லியன் டாலர் பாண்ட் தேறியது. அதில் 60 மில்லியன் ஒரு கால்பந்து அரங்குக்கு. நம்மூர் ஃபுட்பால் இல்லை, தலைக்கவசம் போட்டு மோதிக்கொள்வார்களே, அது. 18,000 பேர் உட்காரும் அந்தப் பள்ளி அரங்கம் 2012இல் திறந்தது. 2014 தொடக்கத்தில் கான்கிரீட்டில் விரிசல் என்று மூடினார்கள். 2015இல்தான் மறுபடி திறந்தார்கள். நாடு முழுக்கச் சிரித்தது. கேட்டியில் 2013இல் அரங்கம் சேர்ந்த பாண்டை மக்கள் தோற்கடித்தார்கள். அடுத்த வருடமே பெரிய தொகையோடு இன்னொரு பாண்ட் வந்து தேறியது, அரங்கமும் வந்தது.

வகுப்பறையோடு அரங்கத்தை ஒட்டவைத்து ஒரே ஓட்டில் வாங்கிவிடக் கூடாது என்று 2019இல் சட்டம் திருத்தினார்கள். இப்போது விளையாட்டரங்கம், நீச்சல் வளாகம், கலையரங்கம், ஆசிரியர் குடியிருப்பு, லேப்டாப் மாதிரியான தொழில்நுட்பம் எல்லாம் தனித்தனிக் கேள்விகள். கட்டடம், கூரை, ஏசி, பாதுகாப்பு, பஸ் எல்லாம் வழக்கமாக ஒரு கேள்வியில் சேர்ந்து வரும். இந்தப் பிரிவினை வேலை செய்கிறது. 2020 நவம்பரில் டாலஸ் ஐஎஸ்டி ஐந்து கேள்விகள் வைத்தது. கட்டடமும் தொழில்நுட்பமும் தேறின. அரங்கம், கலை வளாகம், நீச்சல் வளாகம் மூன்றும் தோற்றன. ஆகவே ‘மொத்தமாக ஆம்’, ‘மொத்தமாக இல்லை’ என்று போக வேண்டிய அவசியம் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள்.

சில சமயம் பாண்டோடு இன்னொரு கேள்வியும் வரும்: வேட்ரி. அது எம் அண்ட் ஓ வரியை, அதாவது சம்பளப் பையை உயர்த்தக் கேட்பது. பாண்டுக்குச் சம்பந்தமில்லை. 2024 நவம்பரில் ஃபிரிஸ்கோ ஐஎஸ்டி இரண்டையும் சேர்த்து வைத்தது, பாண்ட் மட்டும் சுமார் 1.08 பில்லியன் டாலர். எல்லாமே தோற்றது. பள்ளிகளுக்காகவே வீடு வாங்கும் ஊரில் இப்படி நடந்தது பலருக்கு ஆச்சரியம். அதே நாளில் ஹூஸ்டன் ஐஎஸ்டியின் 4.4 பில்லியன் பாண்டும் தோற்றது. அங்கே காரணம் வேறு. 2023இல் மக்கள் தேர்ந்தெடுத்த டிரஸ்டி குழுவை மாநில அரசு ஒதுக்கிவிட்டுத் தானே ஆட்களை நியமித்திருந்தது. “நம்பிக்கை இல்லை, பாண்டும் இல்லை” என்பதுதான் எதிர்த்தவர்கள் முழக்கம். பள்ளிக் கட்டடங்கள் ஒழுகிக்கொண்டிருந்ததை அவர்களே மறுக்கவில்லை.

இப்போது கணக்கு

சரி, தம்பியின் கேள்விக்கு வருவோம். பேனாவை எடுங்கள்.

உங்கள் வீட்டின் மதிப்பு 550,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஹோம்ஸ்டெட் விலக்கு 140,000 கழித்தால் மிச்சம் 410,000. வரி விகிதம் ஒவ்வொரு 100 டாலருக்கும் இத்தனை சென்ட் என்று சொல்வார்கள். ஐ அண்ட் எஸ் 27 சென்ட் என்று வைப்போம். 410,000 டாலரில் 4,100 நூறுகள். 4,100 ஐ 0.27ஆல் பெருக்கினால் 1,107 டாலர். இது வருடத்துக்கு நீங்கள் பள்ளிக் கடனுக்கு மட்டும் கட்டுவது.

மாவட்டம் பழைய கடனை அடைத்துக்கொண்டே வருகிறது. புதுக் கடன் வாங்காவிட்டால் ஒரு கட்டத்தில் 27 சென்ட் தேவைப்படாது. 22 சென்ட் போதும் என்று ஆகலாம். அப்போது உங்கள் வரி 902 டாலர். புது பாண்ட் தேறினால் அந்த இடைவெளியில் புதுக் கடன் வந்து உட்கார்ந்துகொள்ளும். விகிதம் 27 சென்ட்டிலேயே நிற்கும். “விகிதம் உயரவில்லை” என்பது உண்மை. இறங்கியிருக்க வேண்டிய 205 டாலர் இறங்கவில்லை என்பதும் உண்மை. கார் லோன் முடியப்போகிற மாதத்தில் அதே தவணைக்கு இன்னொரு கார் எடுக்கிற மாதிரி. மாதச் செலவு கூடவில்லை என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விகிதம் அப்படியே இருந்தாலும் வீட்டு மதிப்பு ஏறும். சொந்தமாகக் குடியிருக்கும் வீடு என்றால் வரிக்கான மதிப்பு வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரம்பு உண்டு. அந்த 10 சதவீதமே ஏறினால் 605,000. விலக்கு போக 465,000. அதே 27 சென்ட்டுக்கு 1,255 டாலர் 50 சென்ட். ஒரு சென்ட் விகிதம் ஏறாமலே 148 டாலர் 50 சென்ட் கூடிவிட்டது.

அப்படியானால் வாக்குச்சீட்டில் ஏன் ‘வரி உயர்வு’ என்ற வாசகம்? 2019இல் சட்டமன்றம் போட்ட கட்டளை. விகிதம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இறங்கினாலும், எல்லாப் பள்ளி பாண்ட் கேள்வியிலும் அந்த வாக்கியம் இருந்தே ஆக வேண்டும். சிகரெட் பெட்டி எச்சரிக்கை மாதிரி. அதைப் பார்த்து மட்டும் முடிவு செய்பவரும், அட்டையைப் பார்த்து மட்டும் முடிவு செய்பவரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள்.

ஐ அண்ட் எஸ் விகிதத்துக்கு ஒரு கூரையும் உண்டு. புதுக் கடன் வாங்கும்போது 100 டாலருக்கு 50 சென்ட்டுக்குள் எல்லாக் கடனையும் அடைக்க முடியும் என்று மாநில அட்டர்னி ஜெனரலிடம் (மாநில அரசின் தலைமை வழக்கறிஞர்) காட்ட வேண்டும். வேகமாக வளரும் மாவட்டங்கள் அந்த 50ஐத் தொட்டுக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். உங்கள் மாவட்டம் 50இல் இருக்கிறதா 25இல் இருக்கிறதா என்பதே நிறையச் சொல்லும்.

வீட்டுச் சொந்தக்காரருக்கு 65 வயது ஆகிவிட்டால் அவருடைய பள்ளி வரித் தொகை உறைந்துவிடும். வீட்டைப் பெரிதாக்கிக் கட்டாத வரை பாண்டால் அது ஏறாது. எதிர்வீட்டுத் தாத்தா “என் வரி ஏறிடும்” என்று பதறினால் இதை மெதுவாகச் சொல்லுங்கள்.

நான் அடிபட்ட இடம் வேறு. முதல் வீடு வாங்கிய வருடம் எஸ்க்ரோ என்றால் என்னவென்றே சரியாகப் புரியவில்லை. வங்கி மாதாமாதம் பிடிக்கிறது, வரியை அதுவே கட்டுகிறது, நமக்கென்ன என்று இருந்தேன். பில்டர் வெறும் மனைக்குப் போட்ட வரியை வைத்து வங்கி கணக்குப் போட்டிருந்தது. அடுத்த வருடம் வீட்டோடு சேர்த்த வரி வந்ததும் ‘பற்றாக்குறை’ என்று ஒரு கடிதம். மாதத் தவணை முந்நூறு டாலருக்கு மேல் எகிறியது. பாண்டைத் திட்டித் தீர்த்தேன். பிறகு உட்கார்ந்து பார்த்தால் அதில் பாண்டின் பங்கு பத்து டாலர்கூட இல்லை. புது வீடு வாங்கியவர்கள் இதை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஹோம்ஸ்டெட் விலக்குக்கும் நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும், தானாக வராது.

தேவைதானா என்று எப்படிப் பார்ப்பது

பள்ளியைப் போய்ப் பாருங்கள். என் மகள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவள் வகுப்பு ‘போர்ட்டபிள்’ ஒன்றில் நடந்தது. பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால், கார் நிறுத்துமிடத்தை ஒட்டி, மரப்படிக்கட்டு வைத்த நீளப்பெட்டி. பெற்றோர் சந்திப்பு அன்று நல்ல மழை. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் ஆசிரியை சொன்னது பாதி கேட்கவில்லை. நடுவில் ஒரு பையன் கதவோரம் தொங்கிய குடையை எடுத்துக்கொண்டு, படியிறங்கி, பெரிய கட்டடத்துக்குக் கழிப்பறைக்குப் போனான். அந்த அறையில் கழிப்பறை கிடையாது. அவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. ஆசிரியை பேச்சை நிறுத்தக்கூட இல்லை. அந்த வருட பாண்டுக்கு நான் மனதளவில் அன்றே ஓட்டுப் போட்டுவிட்டேன்.

ஆனால் வளர்ச்சி என்பது நிற்காத ரயில் இல்லை. புறநகரில் இளம் குடும்பங்கள் வருகின்றன, பள்ளி நிரம்புகிறது. இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். பெற்றோர் அதே வீட்டில் இருக்கிறார்கள். வீட்டு விலை ஏறிவிட்டதால் புது இளம் குடும்பங்கள் அடுத்த ஊருக்குப் போகின்றன. ஒரு காலத்தில் பள்ளி கட்டிக்கொண்டே இருந்த பிளேனோ ஐஎஸ்டி, மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் 2024இல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. கடன் முப்பது வருடம், பிள்ளைகள் பதினைந்து வருடம் என்றால் இடிக்கும்.

அதனால் ‘டெமோகிராஃபர்’ அறிக்கையைக் கேளுங்கள். மக்கள்தொகைக் கணிப்புக்காரரை வைத்து மாவட்டங்கள் வாங்கும் அறிக்கை அது. பத்து வருடத்தில் எந்தப் பகுதியில் எத்தனை மாணவர்கள் என்று சொல்லும். பெரும்பாலும் தளத்திலேயே இருக்கும். இல்லாவிட்டால் தகவல் கோரி எழுதலாம், குடியுரிமை தேவையில்லை. புதுப் பள்ளிக்குக் கேட்கிறார்களா, பழையதைச் சரிசெய்யக் கேட்கிறார்களா என்று பிரித்துப் பாருங்கள். கூரை, ஏசி, குழாய் வேலைக்கு எண்ணிக்கை குறைந்தாலும் தேவை இருக்கும். டெக்சாஸ் ஆகஸ்டில் ஏசி இல்லாத வகுப்பறையை ஒரு மணி நேரம் நினைத்துப் பாருங்கள். 2022 மே மாதம் யுவால்டி பள்ளியில் நடந்த துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு பாதுகாப்பு வேலைகள் அநேகமாக எல்லாப் பட்டியலிலும் இருக்கின்றன: வாசலில் இரட்டைக் கதவு, கேமரா, பூட்டு.

கூட்டத்தில் கேட்க

பாண்ட் விளக்கக் கூட்டம் வழக்கமாக ஏதாவது பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்தில் மாலையில் நடக்கும். முப்பது பேர் வந்தால் பெரிய கூட்டம். மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டன்ட் படங்காட்டிப் பேசுவார். பிறகு கேள்விகள். நான் எப்போதும் கேட்பது இவைதான்: போன பாண்டில் அனுமதி வாங்கி இன்னும் கடன் எடுக்காத தொகை எவ்வளவு? போன பாண்டில் சொன்ன வேலைகளில் எது முடியவில்லை, ஏன்? இது தேறாவிட்டால் முதலில் எதைச் செய்வீர்கள்? புதுப் பள்ளி திறந்தால் அதை நடத்தும் வருடச் செலவு எந்தப் பையில் இருந்து வரும்?

கடைசிக் கேள்விக்குத்தான் அறை கொஞ்சம் அமைதியாகும். கட்டடத்துக்கு பாண்ட் இருக்கிறது. அதற்குள் நிற்க வேண்டிய தலைமையாசிரியர், ஆசிரியர்கள், நர்ஸ் எல்லாரும் எம் அண்ட் ஓ.

முதல் கேள்வியும் லேசானதல்ல. பாண்ட் தேறியது என்றால் மறுநாளே மொத்தக் கடனையும் வாங்கிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. தேவைக்கேற்பப் பல வருடங்களில் துண்டு துண்டாக விற்பார்கள்.

ஓட்டுப் போடும் நாள்

முன்கூட்டி வாக்களிக்கும் நாட்களில் போய்விடுங்கள். கவுண்டிக்குள் எந்த மையத்திலும் போடலாம், நூலகங்களில் கூட்டமே இருக்காது. தேர்தல் நாளன்று காலை 7 முதல் மாலை 7 வரை. வரிசையில் நிற்கும்போது 7 ஆகிவிட்டால் உள்ளே விடுவார்கள். டெக்சாஸ் டிரைவர் லைசென்ஸ் போதும், அமெரிக்க பாஸ்போர்ட்டும் செல்லும். உள்ளே செல்போன் பார்க்கக் கூடாது. முன்கூட்டியே மாதிரி வாக்குச்சீட்டை அச்செடுத்து, ஏ ஆம், சி இல்லை என்று எழுதிக் காகிதமாக எடுத்துப் போங்கள், அதற்குத் தடையில்லை.

நவம்பர் என்றால் பொறுமை வேண்டும். ஜனாதிபதி, செனட்டர், நீதிபதிகள் என்று திரை திரையாகப் போய், பாண்ட் அநேகமாகக் கடைசித் திரையில் இருக்கும். என் முதல் தேர்தலில் நீதிபதிகள் பட்டியலிலேயே களைத்துப்போய், ‘அச்சிடு’ என்று வந்த இடத்தில் அழுத்திவிட்டேன். பாண்ட் கேள்வி வெற்றாகவே போனது. விண்ணப்பம் போட்டு, பரீட்சை எழுதி, சத்தியம் செய்து குடியுரிமை வாங்கியது இதற்குத்தானா என்று வீட்டம்மா இன்றும் கேட்பார். ‘ஆதரவு’, ‘எதிர்ப்பு’ என்று இரண்டு பொத்தான்தான். கடைசி வரை போங்கள். மே மாதத் தேர்தலுக்கு மிகக் கொஞ்சம் பேர்தான் வருகிறார்கள் என்பதால் ஒரு தெரு மொத்தமாகப் போனாலே முடிவு அசையும்.

தேறிய பிறகு

பத்திரங்களை விற்கும் முன் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் சரிபார்க்கும். பல மாவட்டங்களுக்கு மாநிலத்தின் நிரந்தரப் பள்ளி நிதி ஜாமீன் நிற்கும். 1854இல் 20 லட்சம் டாலரோடு தொடங்கிய நிதி அது. அந்த ஜாமீன் இருப்பதால் வட்டி குறைகிறது.

நமக்கு நேரடியாகப் படுவது எல்லை மாற்றம். புதுப் பள்ளி திறக்கும் முன் எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று மறுபடி கோடு போடுவார்கள். “இந்தப் பள்ளிக்காகத்தான் வீடே வாங்கினோம்” என்று அழுதுகொண்டு வரும் பெற்றோரை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அந்தக் கூட்டத்துக்குத் தேதி அறிவித்த அன்றே நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கோடு போட்டு முடித்த பிறகு பேசிப் பயனில்லை.

வரி பில் அக்டோபர், நவம்பரில் வரும். ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். எஸ்க்ரோ இருந்தால் வங்கி கட்டிவிடும், ஆனாலும் பில்லைத் திறந்து பாருங்கள். ஐஎஸ்டி என்று ஒரே வரியாகப் போட்டிருந்தால் மாவட்டத்தின் தளத்தில் எம் அண்ட் ஓ, ஐ அண்ட் எஸ் இரண்டும் தனித்தனியாக இருக்கும். கோயம்புத்தூர்த் தம்பி இப்போது கிரீன் கார்டு வரிசையில் இருக்கிறார், ஓட்டுக்கு இன்னும் பல வருடம் ஆகும். ஆனால் போன நவம்பரில் பில் வந்த அன்று சாயங்காலம், ஐ அண்ட் எஸ் எண்ணை மஞ்சள் பேனாவால் அடித்துக்கொண்டு வந்து, “அண்ணா, போன வருஷத்தவிட ஒண்ணரை சென்ட் கம்மி” என்றார்.